மூடாத பக்கங்கள்

ஜூன் 4

கடுகுக்கு,

அம்மாவின் மாத்திரைப் பார்சலில், பெட்டிக்கு அடியில் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். பார்த்ததும் கிழித்துப் போடுகிறவள் நீ. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சமாதானத் தூது இல்லை. என் எண்ணை உன் போனில் பிளாக் செய்து நாலு மாதம் ஆகிறது. அது அப்படியே இருக்கட்டும்.

அம்மாவிடம்தான் கேட்டுப் பார்த்தேன். "அவகிட்ட ஒரு விஷயம் கேட்டுச் சொல்லும்மா" என்றேன். "உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன தபால்காரியா? இத்தனை வருஷமா ஊசி போடற கை, தங்கச்சிக்கு நாலு வரி எழுதாதா?" என்று கேட்டுவிட்டாள். அதனால் எழுதுகிறேன். என்னை அக்கா என்று நினைக்க வேண்டாம். உன் கடைக்கு வந்த வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொள். போன் ரிப்பேர் கடைக்காரி, வந்த ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் புதுக் கடையில் சொல்வதுபோல் முழுதாகச் சொல்கிறேன். நர்ஸுகளுக்கான இடமாறுதல் பக்கம் இந்த மாதம் முப்பதாம் தேதி காலை பத்து மணிக்குத் திறக்கிறது. எந்த ஆஸ்பத்திரியில் காலி இடம் இருக்கிறதோ, அதை முதலில் தொட்டவருக்கு அது. தொடும்போது அவரவர் முகத்தைக் கேமராவில் காட்ட வேண்டும். வேறொருவர் நமக்காகச் செய்ய முடியாது. வார்டு கம்ப்யூட்டரில் நோயாளிக் கணக்கைத் தவிர வேறெதுவும் திறக்காது. கூட வேலை செய்கிறவர்களிடம் போன் கேட்கலாம் என்றால், அந்த நேரத்தில் அவரவர் போனை அவரவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

போன முறையும் அதற்கு முந்தின முறையும் சரியாகப் பத்து மணிக்குத்தான் தொட்டேன். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கம் திறந்தபோது நம் ஊரில் இருந்த இடமெல்லாம் போயிருந்தது. அதைச் சொன்னதற்குத்தான் நீ, "உனக்கு வர மனசில்ல, போன் மேல பழி போடற" என்றாய்.

மனசு இருக்கிறது. போன்தான் ஓடவில்லை. என்ன செய்யலாம் என்று சொல்.

— ஒரு வாடிக்கையாளர்


ஜூன் 9

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் போனை நான் இந்தக் கையால் திறந்து, பேட்டரி மாற்றி, திரை மாற்றி, துடைத்து உனக்குக் கொடுத்தேன். நீ போனில் அன்று இன்னொன்றும் சொன்னாய், கடிதத்தில் அதை மட்டும் விட்டுவிட்டாய்: "நீ குடுத்த ஓட்டைப் போன்." இந்தத் தெருவில் எட்டுக் கடை இருக்கிறது. என் கடையிலிருந்து போன ஒரு போன் மெதுவாக ஓடுகிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்ன முதல் ஆள் என் கூடப்பிறந்தவள்.

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன். அந்த இடமாறுதல் பக்கத்தில் உன்னைப் பதிவு செய்ததே நான்தான். உனக்கு டியூட்டி இருக்கிறது என்று, என் மேஜையில், என் போனை வைத்துக்கொண்டு எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். கூடிய சீக்கிரம் வந்துவிடுவாய் என்று நம்பித்தான் நிரப்பினேன். நீ இரண்டாம் முறை கோட்டை விட்ட வாரம்தான் அம்மா மாடிப்படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். நீ லீவு போட்டு வந்தாய், ஆபரேஷன் முடியும்வரை இருந்தாய், போய்விட்டாய். அதற்கப்புறம் கீழே கடை, மேலே அம்மா. ஒரு கஸ்டமர் வந்து மணியை அடித்தால் நான் சோப்புக் கையோடு இறங்கி வருகிறேன். குறை சொல்லவில்லை. அவள் எனக்கும் அம்மாதான். ஆனால் களைப்பாக இருக்கிறது அக்கா. ஒருத்தியால் முடியவில்லை.

சரி, ரிப்பேருக்கு வருவோம். எதையும் அழிக்காமல் பார்த்து மட்டும் எழுது. ஒன்று, பிரவுசர் மட்டும்தான் மெதுவா, இல்லை மொத்தப் போனுமா? இரண்டு, போனில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது? மூன்று, பவர் சேவிங் போட்டிருக்கிறாயா? நான்கு, பிரவுசரில் முகவரிக் கட்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சதுரம் இருக்கும். அதற்குள் என்ன எண் இருக்கிறது?

அம்மா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு சன்னல்வரை போய் வருகிறாள். தெருவில் போகிறவர்களை அங்கிருந்தே மிரட்டுகிறாள்.

— கடை உரிமையாளர்


ஜூன் 13

கடுகு,

சிறுத்தாலும் காரம் குறையவில்லை. ஓட்டைப் போன் என்று சொன்னேன்தான். அன்றைக்கு அந்த இடம் என் கண் முன்னால் மறைந்த கோபம். போனைச் சொன்னேன், உன் கையைச் சொல்லவில்லை.

மற்ற எல்லாம் சுமாராக ஓடுகிறது. பிரவுசர்தான் மாட்டுவண்டி. இடம் கொஞ்சம்தான் காலி இருக்கிறது. பவர் சேவிங் எப்போதும் போட்டே வைத்திருக்கிறேன். வார்டில் இருக்கிற பிளக்கெல்லாம் நோயாளிகளின் மெஷினுக்கு, அதில் என் சார்ஜரைச் செருக முடியாது. அப்டேட் செய்யட்டுமா என்று அது அடிக்கடி கேட்கும். நான் "பிறகு" என்பதைத் தொட்டுவிடுவேன். டியூட்டியில் இருக்கும்போது அது பாட்டுக்கு அணைந்து எழுந்திருந்தால் என்ன செய்வது?

அந்தச் சதுரத்தில் எண் எதுவும் இல்லையே. இரண்டு புள்ளியும் ஒரு வாயும் இருக்கிறது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரிக்கிற முகம். ரொம்ப நாளாக அப்படித்தான் இருக்கிறது. போன் நல்லபடியாக இருக்கிறேன் என்று சொல்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைத் தொட்டுப் பார்த்தேன். நான் இதுவரை தேடிப் படித்த பக்கமெல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி நின்றது. இதெல்லாம் திறந்தே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும், நான் வேண்டுமென்றுதான் மூடவில்லை. எங்கள் வார்டில் ஆள் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போகும்வரை கேஸ் ஷீட்டை மூடி அலமாரியில் வைக்க மாட்டோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேஜை சுத்தமாக இருக்கட்டும் என்று ஒன்றை மூடிவைத்தேன். பெரிய நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, "அந்த மனுஷன் இன்னும் கட்டில்லதாம்மா இருக்காரு" என்றார், அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்த பழக்கம்.

நோயாளியின் வீட்டுக்காரர்கள் என்னிடம் ஏதாவது கேட்பார்கள். இந்த மருந்தோடு இதைச் சாப்பிடலாமா, இந்தக் கட்டு எப்போது பிரிப்பார்கள் என்று. தெரிந்ததைச் சொல்வேன், சந்தேகமாக இருந்தால் தேடிப் படித்துவிட்டு டாக்டரிடம் கேட்பேன். அந்த ஆள் வீட்டுக்குப் போகிறவரை பக்கத்தை மூட மனசு வராது. போன பிறகு மூட ஞாபகம் வராது.

அதில் ஒன்று, இடுப்பு எலும்பு முறிந்தவர்களுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம் என்ற பக்கம். அம்மா விழுந்த அன்று பஸ்ஸில் வரும்போது திறந்தது. அதை எப்படி மூடச் சொல்கிறாய்?

— அக்கா


ஜூன் 17

என் அருமை அக்காவுக்கு,

சிரிப்பு முகம் என்று படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். மேஜையில் ஒரு போனைப் பிரித்து வைத்திருந்தேன். அதன் ஸ்குரூ ஒன்று பறந்து போய்விட்டது. அம்மா மேலேயிருந்து, "என்னடி, யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள். "அக்கா" என்றேன். கடிதத்தைச் சொன்னேன்.

சிரிப்பு முகம் என்றால் நல்லபடியாக இருக்கிறேன் என்று அர்த்தமில்லை. நூறு பக்கத்துக்குமேல் திறந்து வைத்தால் எண்ண முடியாமல் அது பல்லைக் காட்டுகிறது. உன் வார்டில் ஒரே நர்ஸ், நூறு கட்டில், எல்லாரும் ஒரே சமயத்தில் மணி அடித்தால் எப்படி இருக்கும்? அந்தப் போன் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் கொடுத்த போன் என்பதால் இத்தனை நாள் தாக்குப்பிடித்தது.

இப்போது நான் சொல்வதைச் செய். முதலில் பக்கங்களை மூடு. மூடினால் அது உலகத்திலிருந்து போய்விடாது, மறுபடி தேடினால் அதே பக்கம் வரும். வேண்டியதற்கு மட்டும் நட்சத்திரத்தைத் தொடு, தனியாகச் சேர்ந்துகொள்ளும். அடுத்து பிரவுசரின் செட்டிங்ஸில் தரவை அழிக்கிற இடம் இருக்கும். அதில் 'தற்காலிகமாகச் சேமித்த படங்கள், கோப்புகள்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு டிக் போட்டு அழி. அது போதும், மற்றதைத் தொடாதே. பிறகு லீவு நாளில் அப்டேட் போடு. அது அணைந்து எழுந்தால் எழட்டும், உனக்கு அன்று யாரும் ஊசிக்குக் காத்திருக்க மாட்டார்கள். வார்டில் எடுத்த வீடியோ, வாழ்த்துப் படம் எல்லாவற்றையும் தூக்கிப் போடு. முப்பதாம் தேதி பவர் சேவிங்கை எடுத்துவிட்டு, முழு சார்ஜோடு, ஆஸ்பத்திரி வைஃபையில் இரு.

உன் இடுப்பு எலும்புப் பக்கத்தைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். உடனே வாக்கரை எடுத்தாள். மாடிப்படியில் நான் பின்னால் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினாள். கடைக்குள் வந்து கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "அவளை அந்தப் பக்கத்தை மூடச் சொல்லு. நான் டிஸ்சார்ஜ் ஆயாச்சு."

பிறகு சுவரில் நான் ஒட்டியிருக்கிற தாளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'உங்கள் போனுக்கு வரும் ரகசிய எண்ணைப் பெற்ற தாயிடமும் சொல்லாதீர்கள்.' "தாய் உனக்கு என்னடி பண்ணினா?" என்று கேட்டாள். வாரம் ஒருவராவது எண்ணை யாரிடமோ சொல்லி ஏமாந்துவிட்டு என்னிடம் அழுதுகொண்டு வருகிறார்கள் அக்கா, அதனால்தான் ஒட்டினேன். அவளுக்கு அது புரியவில்லை. ஒரு நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருந்தாள்.

— கடுகு

பின்குறிப்பு: உன் எண் இன்னும் பிளாக்கில்தான் இருக்கிறது. ரிப்பேர் வேறு, ரோஷம் வேறு.


ஜூன் 22

கடுகுக்கு,

சாப்பாட்டு வேளையில் நர்ஸ் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூடினேன். மொத்தமாக மூட ஒரு வழி இருக்கிறது என்று மருந்தறைக்காரர் காட்டினார். வேண்டாம் என்றேன். ஒவ்வொருவரையும் பார்த்து அனுப்பிவிட்டுத்தான் மூட வேண்டும்.

சர்க்கரைக் காலோடு வந்த லாரி டிரைவர், போய்விட்டார், மூடினேன். இரட்டைக் குழந்தை பெற்றவள், போய்விட்டாள், மூடினேன். போன மாதம் இரண்டு பிள்ளைகளும் என் விரலைப் பிடித்தன. ஒரு பக்கம் மட்டும் வீட்டுக்குப் போகாத ஒருவருடையது. அவர் மகள் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் தேடுகிற கட்டத்தில் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் மூடினேன். கடைசியாக அம்மாவினுடையது. படியிறங்கி வந்து கஸ்டமர் நாற்காலியில் உட்கார்ந்த ஆளுக்கு இனி என்ன பயிற்சி வேண்டியிருக்கிறது? மூடும்போது சிரித்துவிட்டேன், கூடவே கண்ணும் கலங்கிவிட்டது.

அழிக்கிற வேலையையும் செய்தேன். நீ ஒரு வரிக்கு மட்டும் டிக் போடச் சொன்னாய். கீழே இன்னும் மூன்று நான்கு வரி இருந்தது. மற்றதைத் தொடாதே என்று நீ எழுதியது, அக்காவுக்கு வேலை குறையட்டும் என்ற இரக்கத்தில் என்று புரிந்துகொண்டேன். ஆனால் எங்கள் தொழிலில் பாதி சுத்தம் என்று ஒன்று கிடையாது. கத்தரியின் ஒரு பக்கத்தை மட்டும் கொதிநீரில் போட முடியுமா? அதனால் எல்லா வரிக்கும் டிக் போட்டு, அடியோடு சுத்தம் செய்துவிட்டேன். அப்டேட்டும் போட்டாயிற்று.

இப்போது பார்க்க வேண்டுமே. இடமாறுதல் பக்கத்தின் முகப்பைத் தொட்டேன், விரலை எடுப்பதற்குள் வந்து நிற்கிறது. உள்ளே போக முப்பதாம் தேதிதான் விடுவார்கள். மருந்தறைக்காரர், "சிஸ்டர், புதுப் போனா?" என்று கேட்டார். "இல்லை, என் தங்கச்சி" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு இடம் காலி. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஆஸ்பத்திரியில் ஒன்று. இந்த முறையும் விட்டால் இனி இரண்டு வருஷத்துக்குப் பேச்சே இல்லை என்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன் பயம் இல்லை.

— அக்கா


ஜூலை 1

கடுகு,

நேற்று நடந்ததை நீ ஒரு முனையிலிருந்து கேட்டாய். என் முனையில் என்ன நடந்தது என்று எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். அதற்குள் வார்டில் கூப்பிட்டுவிட்டார்கள்.

கட்டிலையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு மருந்தறையில் போய் உட்கார்ந்தேன். பத்து மணிக்குத் தொட்டேன். வட்டம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை, பக்கம் திறந்துவிட்டது. அடுத்த நொடியில் பாஸ்வேர்ட் கேட்டது. எனக்குப் பாஸ்வேர்ட் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரியும். இத்தனை நாளும் போனே போட்டுக்கொண்டிருந்தது. நான்தான் அதையும் கொதிநீரில் போட்டு எடுத்திருக்கிறேன்.

மருந்தறைக்காரர் எட்டிப் பார்த்து, "'மறந்துவிட்டது' அப்படின்றதைத் தொடுங்க சிஸ்டர்" என்றார். தொட்டேன். ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம், ஐந்து நிமிடத்துக்குள் போடவும் என்று வந்தது. கீழே எந்த எண்ணுக்கு அனுப்பினார்கள் என்று கடைசி இரண்டு இலக்கம் மட்டும் காட்டியது. உன் எண். நீ பதிவு செய்தபோது போட்ட எண்.

உன்னைக் கூப்பிட முடியாது, பிளாக்கில் இருக்கிறேன். அம்மா அந்த நேரம் வாக்கரோடு நடை போட்டுக்கொண்டிருப்பாள், அவள் போன் தலையணைக்கு அடியில் கிடக்கும். கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மருந்தறைக்காரரின் போனிலிருந்து உன்னைக் கூப்பிடலாம் என்று திரும்பினால், அவர் மருந்து கொடுக்க வார்டுக்குப் போயிருந்தார். பக்கம் வேகமாக ஓடுகிறது, நான்தான் நின்றுபோனேன். இந்த முறை போன் மேல் பழி போடக்கூட முடியாது. நீ சொன்னது சரியென்று ஆகிவிடும், காலம் முழுக்க நான் வர விரும்பாதவள் என்றே நினைத்துக்கொண்டிருப்பாய் என்று தோன்றியது. இடம் போவதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அப்போது போன் அடித்தது. நீ ஹலோ சொல்லவில்லை, அக்கா என்றும் சொல்லவில்லை. ஆறு எண்ணைச் சொன்னாய். மறுபடி ஒரு முறை, மெதுவாகச் சொன்னாய். "போடு, போடு, யோசிக்காத" என்றாய். போட்டேன். புதுப் பாஸ்வேர்ட் கேட்டது. வாயில் வந்ததை அடித்தேன், அது உன் பட்டப்பெயர். அப்புறம் முகத்தைக் காட்டச் சொன்னது. அழுத மூஞ்சியை அது ஏற்றுக்கொள்ளுமா என்று பயந்தேன். ஏற்றுக்கொண்டது.

நம் ஊர் இடம் இரண்டும் அதற்குள் போயிருந்தது. அக்கரை ஆஸ்பத்திரி மட்டும் பச்சையாக இருந்தது. தொட்டேன். 'உறுதி செய்யப்பட்டது' என்று வந்தது. நீ இன்னும் போனை வைக்கவில்லை. உன் கடை மின்விசிறியின் கடகட சத்தம் கேட்டது. யாரோ சார்ஜர் என்ன விலை என்று கேட்டார், நீ பதில் சொல்லவில்லை. பிறகு படியிலிருந்து அம்மாவின் குரல்: "கிடைச்சுதாடி?"

"கிடைச்சுதும்மா" என்று நீ சொன்னாய். நான் இன்னும் உனக்குச் சொல்லவே இல்லை. என் மூச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டாய்.

அக்கரையிலிருந்து நம் வீட்டுக்கு ஒரே பஸ். காலையில் அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டு நான் டியூட்டிக்குப் போய்விடலாம். நீ சோப்புக் கையோடு இறங்க வேண்டாம்.

ஒரு சந்தேகம். நான் கேட்கவே இல்லையே, அந்த எண்ணுக்குக் காத்திருப்பது நான்தான் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? சுவரில் அத்தனை பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறவள், எப்படிச் சொன்னாய்?

— அக்கா


ஜூலை 5

அக்கா,

உன் இருபத்திரண்டாம் தேதிக் கடிதம் பார்சல் ஆபீஸில் படுத்துக் கிடந்துவிட்டு, முப்பதாம் தேதி காலையில்தான் வந்தது. மாத்திரையை ஓரமாக வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். லாரி டிரைவர், இரட்டைக் குழந்தை என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 'எல்லா வரிக்கும் டிக்' என்ற இடத்தில் தலையில் கை வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். அதே நேரம் மேஜையில் என் போன் ஒரு முறை துள்ளியது, உன் பக்கத்திலிருந்து ரகசிய எண்.

கஸ்டமரின் போன் ஒன்று என் கையில் திறந்தபடி இருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டேன். நாலைந்து மாதமாக உன் எண்ணைத் தொடவில்லை, ஆனால் விரலுக்கு அது மறக்கவில்லை. வர மனசில்லாத ஒருத்தி நூறு பக்கத்தையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து மூடியிருக்க மாட்டாள். இதை அன்றைக்குச் சொல்ல வராமல்தான் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

ஊருக்குள் இடம் கிடைக்கவில்லையே என்று அம்மாவிடம் சொன்னேன். "கிட்ட இருந்தா முட்டப் பகை. நடுவுல ஒரு ஆறு இருக்கட்டும், உங்களுக்கு அது தேவைதான்" என்கிறாள். வாக்கர் இல்லாமல் சன்னலுக்குப் போகிறாள். மாடியில் அம்மாவுக்கு அடுத்த அறையை உனக்காகக் காலி செய்தாயிற்று. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட் போட்டிருக்கிறேன், அது முழுக்க உன் சார்ஜருக்குத்தான்.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். இனி எழுத வேண்டாம், கூப்பிடு.

நீ கேட்டதற்குப் பதில். அந்தச் செய்தியின் கீழேயும் எழுதித்தான் இருந்தது, இந்த எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று. யாரோ ஒருத்தியாக இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

— கடுகு